மெல்லிய தகடும் பதறாத கையும்

இலங்கைத் தேயிலையின் கதை ஒரு பங்களாவின் இஸ்தோப்பில் தொடங்கிற்று என்றால், இளம் வாசகர் சிலர் வியப்படையக்கூடும். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், கொழுந்து பறிக்கும் பருவம் வந்தபோது தொழிற்சாலைக்காகக் காத்திருக்கவில்லை. பங்களா இஸ்தோப்பில் மேசைகளை இட்டுக் கொழுந்தைக் கையாலேயே உருட்டச் செய்தார். களிமண் அடுப்பில் கரித்தணல் மூட்டி, கம்பித் தட்டுகளில் பரப்பி உலர்த்தினார். உருட்டும் இயந்திரத்தை அவர் அமைத்தது அதன் பின்னரே. வீட்டிலே சிறிதாகத் தொடங்கிய கைவேலை நாட்டின் பெருந்தொழிலாக வளரக்கூடும் என்பதற்கு மலையகத்தார் வேறெங்கும் சென்று சான்று தேட வேண்டியதில்லை.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருளும் வீட்டிலே கற்கக்கூடிய ஒரு கைவேலைதான். வெல்டிங் என்று எல்லாரும் வழங்கும் உருக்கி ஒட்டும் தொழிலைப் பற்றி, அதிலும் மெல்லிய தகட்டைக் குச்சி கொண்டு ஒட்டும் வேலையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். முன்னாளில் இதற்குரிய இயந்திரம் இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பளுவுடையதாயிருந்தது. இன்று இன்வெர்ட்டர் எனப்படும் வகை, ஐந்தாறு கிலோ எடையில், ஒரு கையால் தூக்கக்கூடியதாகக் கடைகளிற் கிடைக்கிறது. கொழும்பிலே கடைகளில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் இளைஞர் உண்டு. அவர்களது எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் இயந்திரத்தை வாங்குவது எளிது. வெப்பத்தை வசப்படுத்துவது எளிதன்று. முதல் நாளிலேயே தகட்டில் ஓட்டை விழுகிறது. இரண்டாம் நாள் அந்த ஓட்டையை அடைக்கப் போய் அது பெரிதாகிறது. மூன்றாம் நாள் இயந்திரம் கட்டிலின் கீழே போய்விடுகிறது.

ஓட்டை விழுவது ஏன்?

மலைநாட்டில் ஒட்டவேண்டி வரும் பொருள்களை எண்ணிப் பாருங்கள். பாக்ஸ் பாரிற் செய்த நாற்காலி, யன்னற் கிரில், வாயிற் கதவு, மாட்டுக் கொட்டகைச் சட்டம், முச்சக்கர வண்டியின் இருக்கைச் சட்டம். இவற்றிற் பெரும்பாலானவை 1.2 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ளவை. இங்குள்ள மழையும் பனிமூட்டமும் துரு ஏற்றி அவற்றை மேலும் மெலியச் செய்கின்றன. ஆகவே நகரத்துப் பட்டறையிலே தடித்த இரும்பில் கைபழகியவன்கூட இங்கு வந்ததும் திகைத்து நிற்கிறான்.

உருக்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில் உருகும். குச்சியின் நுனியில் எரியும் மின்வில்லின் வெப்பமோ அதனிலும் சில மடங்கு மிக்கது. தடித்த இரும்பாயின், விழும் வெப்பத்தை நாற்புறமும் இழுத்துப் பரப்பிவிடும். மெல்லிய தகட்டுக்கு அந்த வசதி இல்லை. வந்த வெப்பம் வந்த இடத்திலேயே தங்கி, உருகிய உலோகத்தின் சிறு குட்டை அடிவரை இறங்கி, தன் பாரத்தாலேயே கீழே விழுந்துவிடுகிறது. அதுதான் ஓட்டை.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. உலர்த்தியிற் சூடு மிகுந்தால் இலையின் மேற்புறம் மாத்திரம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும்; சூடு குறைந்தால் இலை புழுங்கிச் சாரம் கெடும். இலை மெலிதாகையால் இடையில் உள்ள அளவும் நுட்பமானது. தகட்டின் நிலையும் அதுவே. எத்தனை வெப்பம் தருவது என்பதைக் காட்டிலும், எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தவனே இவ்வேலையில் தேர்கிறான்.

வெப்பம் மூன்று வழிகளால் மிகும். மின்னோட்டம் கூடினால் மிகும். கை ஓரிடத்தில் நின்றால் மிகும். தகடு ஆறுமுன் மறுபடி தொட்டால் மிகும். மாணவர்கள் இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் முறைகளெல்லாம் தாமே விளங்கும்.

குச்சியும் மின்னோட்டமும்

உலோகக் குச்சியையே மின்வில்லில் உருக்கி ஒட்டும் முறையை 1888இல் ருஷ்யப் பொறியியலாளர் நிக்கொலாய் ஸ்லாவியானவ் செய்து காட்டினார். அக்காலத்துக் குச்சிக்கு மேற்பூச்சு இல்லை. உருகிய இரும்பைக் காற்று தீண்டியதால் ஒட்டு நொறுங்குந் தன்மையுடையதாயிற்று. சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் ஷெல்பெரி, 1904இல் தமது நிறுவனத்தைத் தொடங்கி, குச்சிக்குப் பூச்சிடும் வழியை வகுத்தார். அப்பூச்சு எரிந்து எழும் வாயு காற்றை விலக்குகிறது. உருகிப் படியும் கசடு ஒட்டின்மேல் போர்வையாகக் கிடந்து அதனைக் காக்கிறது. வேலை முடிந்து ஆறிய பின் அதைத் தட்டி நீக்குகிறோம்.

மெல்லிய தகட்டுக்கு 2 மில்லிமீட்டர்க் குச்சியே ஏற்றது. கடையில் 6013 என்ற எண்ணுடைய குச்சியைக் கேட்டு வாங்கலாம்; பழகுவோருக்கு இணங்கி நடப்பது அது. மின்னோட்டத்தை 40 முதல் 60 அம்பியருக்குள் வைத்து, அதே தடிப்புள்ள கழிவுத் துண்டில் முதலிற் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் நேரோட்டம் தருவதாகையால், குச்சியை மறைமுனையிலும் வேலைத்துண்டை நேர்முனையிலும் இணைத்தால் ஊடுருவல் சற்றுக் குறையும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவுகளைப் படிக்காமல் குச்சியைத் தொடுவது, சீட்டைப் படிக்காமல் மருந்தைக் குடிப்பதற்கு ஒப்பாகும்.

ஈரம் இன்னொரு பகை. வட்டவளை, கினிகத்தனைப் பகுதிகள் நாட்டிலேயே மிகுதியான மழை பெறுபவை. அங்கே திறந்து வைத்த குச்சிப் பெட்டி சில நாட்களில் ஈரம் ஏறிவிடும். அத்தகைய குச்சி படபடவென்று தெறிக்கும். ஒட்டில் துளைகள் விழும். மூடி இறுகிய பேணியில் இட்டு, அடுப்படிக்கு அருகிலுள்ள உலர்ந்த தட்டில் வைத்திருப்பது நல்லது.

கைக்கு இட வேண்டிய கட்டுப்பாடு

முதலாவது, துப்புரவு. துரு, வர்ணம், எண்ணெய், நாகப் பூச்சு யாவற்றையும் நீக்கி, இரும்பு பளிச்சிடும் வரை தேய்க்க வேண்டும். அடுத்தது, பொருத்தம். இரு விளிம்புகளுக்கிடையே இடைவெளி இருக்கலாகாது. மெல்லிய தகட்டில் ஒரு நூலளவு இடைவெளி ஓட்டைக்கு வாயில் திறந்து வைத்தது போன்றது. அரத்தால் அரை மணி நேரம் உழைத்துப் பொருத்தினால், ஒட்டும் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். பொருத்தத்தில் சோம்பினால் ஐந்து நிமிட வேலை அரை நாளை விழுங்கும்.

பிறகு அங்குலத்துக்கு ஒன்றாகப் பொட்டு வைப்பது போலச் சிறு சிறு ஒட்டுகள் வைக்க வேண்டும். அவற்றையும் வரிசையாக வைக்காமல், ஒரு முனையில் ஒன்று, மறு முனையில் ஒன்று, நடுவில் ஒன்று என மாற்றி வைக்க வேண்டும். காரணம் எளிது. ஒரு மீட்டர் நீள உருக்கு 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும், ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கமாகச் சூடேற்றினால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும்.

அதன் பின்னரும் ஒரே இழுப்பில் முடிக்க எண்ணலாகாது. முக்கால் அங்குலம் ஒட்டி நிறுத்துங்கள். வேறோர் இடத்துக்குச் செல்லுங்கள். கையால் தொடக்கூடியவாறு ஆறிய பின் மீண்டும் வாருங்கள். குச்சியின் நுனி தகட்டுக்கு மிக அருகில், ஏறக்குறையத் தொட்டுக்கொண்டே செல்ல வேண்டும். வில் நீண்டால் வெப்பம் பரந்து தகட்டைக் கெடுக்கும். வேலைத்துண்டைச் சற்றுச் சாய்த்து வைத்து மேலிருந்து கீழாக ஒட்டிச் சென்றால் ஊடுருவல் மேலும் குறையும். ஆயின் கசடு முந்திக்கொண்டு ஓடாதவாறு கை விரைந்து செல்ல வேண்டும். தகட்டின் பின்புறத்தில் ஒரு செப்புப் பட்டையை வைத்து இறுக்கினால் அது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்; செம்பில் உருக்கு எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை.

கண் பார்க்க வேண்டியது ஒளியையன்று. அதன் பின்னே மின்னும் உருகிய குட்டையை. அக்குட்டை அகன்று, நடுவே தாழ்ந்து குழியத் தொடங்கினால், ஓட்டை விழப்போகிறது என்று தகடு முன்னறிவிக்கிறது. அக்கணமே குச்சியை எடுத்துவிட வேண்டும். அதையும் மீறி ஓட்டை விழுந்தால் பதற வேண்டாம். செந்நிறம் மங்கும்வரை பொறுத்து, கசடைத் தட்டி நீக்கி, ஓட்டையின் விளிம்பிலே ஒரு பொட்டு, ஆறிய பின் இன்னொரு பொட்டு என்று மெல்ல அடைத்து வரலாம். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த வேலைக்கு மிகவும் பொருந்தும்.

பழகும் வரிசையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் 3 மில்லிமீட்டர்த் துண்டிலே கோடுகள் இழுத்துப் பழகுங்கள். பின்னர் 2 மில்லிமீட்டரில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிய பொருத்து, அடுத்து மூலைப் பொருத்து. விளிம்போடு விளிம்பு முட்டும் பொருத்துக் கடினமானது. அது கடைசிப் பாடம். இத்தனையும் கைவந்த பின்னரே 1.2 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும்.

அழகும் உறுதியும்

ஒட்டின் தராதரத்தை வர்ணம் பூசி மறைத்துவிடலாம். பாரம் ஏறும்போது அது வெளிப்பட்டே தீரும். ஒட்டிய துண்டைக் குறட்டிற் பிடித்துச் சுத்தியலால் அடித்து மடித்துப் பாருங்கள். ஒட்டுப் பிளந்துகொண்டால் அது மேலோட்டமாகப் படிந்தது. தகடு வளைந்து, ஒட்டு நின்றால் அது உள்ளே பற்றியது. பத்துத் துண்டுகள் தொடர்ந்து இச்சோதனையில் தேறும்வரை, மனிதர் அமரும் நாற்காலியையோ, குழந்தை உறங்கும் தொட்டிற் சட்டத்தையோ செய்து கொடுக்கலாகாது. தண்ணீர்த் தாங்கியின் மேடை இன்னும் பொறுப்பானது. 1,000 லீற்றர்த் தாங்கி நிரம்பினால் நீரின் எடை மாத்திரம் 1,000 கிலோ. அதன் கீழே பிள்ளைகள் விளையாடுவர். பார்வைக்கு அழகாயிருக்க வேண்டுமென்று ஒட்டைக் கிறைண்டரால் மட்டமாகத் தேய்த்துவிடுவது, மெல்லிய தகட்டிலே இருந்த சிறு பலத்தையும் எடுத்துவிடுவதாகும்.

வீடு என்பது எது?

இனி, இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். வீட்டிலே கற்கலாம் என்றோம். ஆனால் மலையகத்தில் வீடு என்பது பலருக்கு இன்றும் லயக் காம்பராவே. பத்துக்குப் பன்னிரண்டடி அறை. அயல்வீட்டோடு பொதுச் சுவர். முழு வரிசைக்கும் ஒரே கூரை. ஓர் அறையில் மூண்ட தீ ஒரு லயத்தையே சாம்பலாக்கி, பல குடும்பங்களை ஒரே இரவில் தெருவில் நிறுத்திய செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். டெய்லரின் இஸ்தோப்பு தனிப் பங்களாவைச் சேர்ந்தது. லயத்தின் இஸ்தோப்பிலே விறகும் படங்குச் சாக்கும் இருக்கும். பள்ளிக்கூடப் பையும் தொங்கும். ஒட்டும்போது தெறிக்கும் பொறி பல அடி தூரம் சென்று, சாக்கின் மடிப்பில் ஒளிந்து, மணிக்கணக்காகக் கனன்ற பின்னரும் பற்றக்கூடியது. ஆகவே லய அறைக்குள்ளும் வேண்டாம், இஸ்தோப்பிலும் வேண்டாம். திறந்த வெளியில், விறகும் உலர்புல்லும் இல்லாத வெறுந்தரையில், ஒரு வாளி நீரும் ஒரு வாளி மணலும் அருகிருக்க வேலை செய்யுங்கள். முடிந்த பின் அரைமணி நேரம் அங்கேயே இருந்து கவனித்துவிட்டு வாருங்கள். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்களுக்குப் பின்புறத்திலே ஒரு சிறு கொட்டகை அமைக்க வசதியுண்டு, அது நல்வாய்ப்பு.

மின்சாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டி. ஜே. விமலசுரேந்திரா என்ற பொறியியலாளர் கனவு கண்ட லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. ஹட்டன் பக்கத்து அருவிகளின் வேகம் கொழும்பின் விளக்குகளை ஏற்றியது. அவ்வருவிகளின் கரையிலிருந்த லயங்களுக்கு ஒளி வரப் பல்லாண்டுகள் சென்றன. வந்த கம்பிகளும் பலவிடங்களிற் பழையனவாயும், விளக்குக்கு மாத்திரம் போட்டனவாயும் உள்ளன. 60 அம்பியரில் ஒட்டும்போது இன்வெர்ட்டர் வீட்டு இணைப்பிலிருந்து பத்து அம்பியரளவு இழுக்கக்கூடும். விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பி அதைத் தாங்காமல் சுவருக்குள்ளேயே சூடேறும். தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு தனிக் கம்பியும், புவித்தொடுப்பும், ட்ரிப் ஸ்விச்சும் பொருத்தாமல் இயந்திரத்தைச் செருகுவது அயலவரின் கூரைக்கும் சேர்த்துத் தீ வைப்பது போலாகும். மழையில் நனைந்த உடையோடும் ஈரத் தரையில் நின்றும் குச்சியை மாற்றலாகாது. வில் எரியாத வேளையிலும் பிடியில் 60, 70 வோல்ட் நிற்கும். நனைந்த உடலுக்கு அது ஆபத்து.

கண்ணைக் காப்பது அடுத்த கடமை. 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக்கவசம் வேண்டும். வெயிற் கண்ணாடி பயன்படாது. ஒட்டுபவன் முகத்தை மூடிக்கொள்வான். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் மூடிக்கொள்வாரா? வில்லின் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரங் கழித்து, நள்ளிரவில், கண்ணிலே மணலை வாரிப் போட்டது போன்ற வேதனை எழும். வெட்டிய உருளைக்கிழங்கை வைத்துக் கட்டுவதும் தாய்ப்பால் விடுவதும் மருந்தல்ல. அழுக்குச் சேர்ந்து புண்ணாகவுங்கூடும். வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. அதற்கு முன்பாக, சாக்கையோ பழைய தகரத்தையோ மறைப்பாகக் கட்டிப் பிள்ளைகளைத் தூர நிறுத்துவது மேலான முறை. சாக்கைக் கட்டுவதாயின் அதை நன்கு நனைத்துக் கட்ட வேண்டும்.

நாகம் பூசிய தகரமும் பாக்ஸ் பாரும் வேறொரு தீங்கு உடையவை. நாகம் 907 பாகையில் ஆவியாகும். உருக்கு உருகுவதற்கு முன்பே அது வெண்புகையாக எழுந்துவிடும். அப்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் காணும். பால் குடித்தால் ஒன்றும் வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பூச்சைத் தேய்த்து நீக்குவதும், காற்றுக்கு முதுகையன்று, பக்கத்தைக் காட்டி நின்று புகையைத் தலைக்கு எட்டாமற் செய்வதுமே வழி. கூரைத் தகரமோ அரை மில்லிமீட்டரளவே தடித்தது; அது குச்சி வெல்டிங்குக்கு உரியதன்று. அதற்குத் தறையாணியே போதும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பெற்றோல், டீசல், எண்ணெய், தார் இருந்த பீப்பாயை எக்காரணத்தாலும் ஒட்டவோ வெட்டவோ வேண்டாம். வெறும் பீப்பாய் என்பது கண்ணுக்குத்தான். உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடிகுண்டாகும்.

கற்றதற்கு ஒரு சான்று

இத்தனையும் படித்த பெற்றோர், இந்தத் தொழிலே வேண்டாம் என்று பிள்ளையைத் தடுக்க எண்ணுவாராயின் அது எமது நோக்கமன்று. இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பது பழமொழி. தேயிலைத் தொழிற்சாலைகளின் பழுதுபார்க்கும் வேலையில் தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அவர்களுட் பலர் கையிலே திறமை இருந்தும் காட்டுவதற்குக் கடதாசி இல்லாமையால் உதவியாட்களாகவே ஓய்வுபெற்றார்கள். இன்று அந்நிலை மாறக்கூடியது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபை முதலான நிறுவனங்கள் இத்தொழிலைக் கற்பிக்கின்றன. தேசிய தொழில் தகைமை என்ற ஏழு படிகள் கொண்ட ஏற்பாட்டில், வகுப்பிற் கற்றவர் மாத்திரமன்றி, வேலை செய்தே கற்றவரும் தமது திறமையைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெற வழியுண்டு. கொழும்பிலே கடைப் பையனாகப் போவதற்கும், தொழில் தெரிந்தவன் என்ற தகுதியோடு போவதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள்.

இது ஆண்பிள்ளைகளுக்கு மாத்திரம் உரிய வேலையுமன்று. மெல்லிய தகடு கேட்பது தோள் வலிமையையன்று. அழுத்தாத விரலையும், குறிப்பறியும் கண்ணையும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் மனத்தையும் அது கேட்கிறது. இளந்தளிரை நசுக்காமற் கிள்ளி எடுக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இம்மூன்றும் தொலைவானவை அல்ல. வீட்டாரின் பாதுகாப்பை முதலிலும், தகட்டின் பொறுமையை இரண்டாவதிலும், வருவாயை மூன்றாவதிலும் வைத்துத் தொடங்குவோருக்கு இந்தக் கைவேலை ஒருபோதும் துரோகம் செய்யாது என்பது எமது துணிபு.